படத்தில் ஒரு ஆள் அதிகம்

என்னை அடித்தவனை எப்படியாவது உள்ளே தள்ள வேண்டும் என்று நான் அலைந்ததில்தான் எல்லாம் வெளியே வந்தது. நல்ல எண்ணத்தில் தேடி எதையும் நான் கண்டுபிடிக்கவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் போகப் போக என்னை நல்லவன் என்று யாராவது நினைத்துவிடுவார்கள்.

கொட்டாம்பட்டிப் பக்கம் திருச்சி நாற்கரச் சாலையை ஒட்டி ஒரு ரப்பர் தொழிற்சாலை. மூன்று ஷிப்டும் ஓடும். அங்கே சுவருக்குச் சுவர் மாட்டியிருந்த இருபத்திரண்டு டிவிகளுக்கு நான்தான் பொறுப்பு. என் வேலைக்கு ஆபீஸில் ‘உள் தொடர்பு’ என்று ஆரம்பிக்கும் நீளமான பெயர் ஒன்று உண்டு. தொழிலாளிகளுக்கு நான் டிவிக்காரண்ணே. முன்பெல்லாம் நோட்டீஸ் போர்டில் காகிதம் ஒட்டுவார்கள், அதைக் கிழித்து வடையின் எண்ணெயை ஒற்றுவார்கள். டிவி வந்த பிறகு எதையும் கிழிக்க முடியவில்லை. யாருக்குப் பிறந்தநாள், எந்த பஸ் லேட்டு, கேன்டீனில் இன்றைக்கு என்ன குழம்பு, ஹெல்மெட் போடு, ஷூ போடு என்று எல்லாவற்றையும் என் அறையில் உட்கார்ந்து ஒரு பட்டனில் மாற்றுவேன். கேன்டீன், டைம் ஆபீஸ், பேக்கிங், பஸ் நிற்கும் இடம் என்று அத்தனை இடத்திலும் ஒரே நொடியில் மாறும். அந்த ஒரே நொடியில் எனக்கு ஒரு போதை இருந்தது.

அதற்கு முன் பதினான்கு வருஷம் மதுரையில் பிளெக்ஸ் டிசைன் செய்தவன் நான். காதுகுத்து, பூப்புனித நீராட்டு, கண்ணீர் அஞ்சலி, கட்சிக்காரர் பிறந்தநாள் என்று எது வந்தாலும் அரை மணியில் முடித்துக் கொடுப்பேன். அந்தத் தொழில் எனக்குக் கற்றுக் கொடுத்த முதல் பாடம், படத்தில் முக்கியமான ஆள் ஒருவர்தான் இருக்க வேண்டும் என்பது. பக்கத்தில் இன்னொருவர் நின்றால் கண் சிதறும். பத்து பேர் முகத்தைப் போடச் சொல்லிச் சண்டைக்கு நிற்கும் வாடிக்கையாளர்களிடம் மல்லுக்கட்டி மல்லுக்கட்டி அது என் ரத்தத்தில் ஊறிவிட்டது. தொழிற்சாலைக்கு வந்ததும் இன்னொரு விதியும் சேர்ந்தது. எதுவாக இருந்தாலும் முப்பது நொடிக்குள் முடித்துவிட வேண்டும், அதற்குமேல் யாரும் நின்று பார்ப்பதில்லை.

எனக்குக் கோபம் கொஞ்சம் அதிகம். எங்கள் வீட்டுப் பேச்சு சௌராஷ்டிரம். கோபம் தலைக்கேறினால் அதில்தான் திட்டுவேன். கேட்பவனுக்குப் புரியாது, எனக்கும் பாரம் இறங்கிவிடும். பல வருஷம் அப்படித்தான் தப்பித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஷிப்டில் அந்த விபத்து நடந்தது. ரப்பர் பிசையும் மில்லில் இரண்டு பெரிய இரும்பு உருளைகள் எதிரெதிராகச் சுற்றும். நடுவில் கட்டியாகப் போகும் ரப்பர் அடியில் தகடாக வரும். கை போனால் கையும் அப்படித்தான் வரும். அலறல் கேட்டு நான் ஓடிப் போனபோது உருளைகளைத் திருப்பிச் சுற்றவிட்டு அந்த மனிதரை வெளியே எடுத்துக்கொண்டிருந்தார்கள். நாற்பது வயசு இருக்கும், கொட்டாம்பட்டியைத் தாண்டி ஒரு ஊரில் விவசாயம் பார்க்கிற குடும்பம். வலது முழங்கைக்குக் கீழே கை என்று சொல்ல எதுவும் இல்லை. அவர் கண் திறந்துதான் இருந்தது, சத்தம் மட்டும் நின்றுவிட்டது. கறுப்புத் தகட்டில் ரத்தம் சிவப்பாகவே தெரியவில்லை, ஈரமாகத்தான் தெரிந்தது. நான் சுவரோரமாகப் போய் வாந்தி எடுத்தேன்.

மூன்றாம் நாள் மேனேஜர் கூப்பிட்டு கேமரா பதிவைக் கொடுத்தார். இதைப் பாடமாகப் போட வேண்டும், முகத்தை மறைத்துவிடு, சனிக்கிழமைக்குள் ஓட வேண்டும் என்றார். பதிவு மூன்று நிமிஷம், சத்தம் கிடையாது. நான்கு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுப் பார்த்தேன். முன்பாதியில் மில்லுக்கு முன்னால் இரண்டு பேர் நின்றார்கள், அவரும் சூப்பர்வைசரும். பிறகு சூப்பர்வைசர் படத்தை விட்டு வெளியே போய்விட்டார். இவர் மட்டும் தனியாக நின்றார், கையை விட்டார். அங்கிருந்து ஆரம்பித்தேன். முகத்தைக் கலைத்தேன், கையைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டேன், கை உள்ளே போகும் இடத்தை மெதுவாக ஓடவிட்டேன். கடைசியில் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து: ‘ஒரு நொடி கவனக்குறைவு. வாழ்நாள் முழுக்க வேதனை.’ வாசகமும் நான் எழுதியதுதான். சரியாக முப்பது நொடி. மேனேஜர் பார்த்துவிட்டு அற்புதம் என்றார், எனக்கும் அப்படித்தான் இருந்தது.

பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை அது ஓடியது. முகத்தை மறைத்து என்ன பிரயோசனம், யாருடைய கை போனது என்று கேட்டில் நிற்கும் நாய்க்குக்கூடத் தெரியும். சோற்றைப் பிசைந்துகொண்டே பார்த்தார்கள். முதல் நாள் எச்சில் விழுங்கினார்கள், நான்காம் நாள் இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டார்கள்.

அந்த மனிதரின் மனைவிக்கும் அதே கம்பெனியில் பேக்கிங்கில் வேலை. ஆஸ்பத்திரியில் மாமியாரை உட்கார வைத்துவிட்டு இரண்டாம் வாரமே ஷிப்டுக்கு வந்துவிட்டார். கேன்டீனில் டிவிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிடுவதை நானே பார்த்திருக்கிறேன். எதிரே உட்கார்ந்திருப்பவர்களின் முகம் மாறும்போது அவர் சாப்பிடுவதை நிறுத்துவார். முப்பது நொடி கழித்து மறுபடி சாப்பிடுவார்.

ஒருநாள் அந்த மனைவியின் தம்பி என் அறைக்கு வந்தான். அவனும் அங்கேதான் வேலை, ரப்பரின் ஓரப் பிசிறை வெட்டும் டிரிம்மிங்கில். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தான், என் அறையில் யாரும் அப்படிச் செய்வதில்லை. அக்கா சாப்பிடுகிற இடத்திலாவது அதை எடுத்துவிட முடியுமா என்று கேட்டான். எல்லா டிவியும் ஒரே வரிசையில் ஓடுவது, தனித்தனியாக எடுக்க முடியாது, மேலே அனுமதி வேண்டும் என்றேன். பொய். கேன்டீன் டிவிகளை மட்டும் தனியாகப் பிரிக்க எனக்கு இரண்டு கிளிக் போதும். ஆனால் வருகிறவன் போகிறவனெல்லாம் சொல்லி நான் ஒன்றை எடுத்தால் என் அறைக்கு என்ன மரியாதை என்று அன்றைக்குத் தோன்றியது.

அவன் போகாமல் நின்றான்.

“எங்க மச்சானுக்கு அன்னைக்கு நடந்தது எதுவுமே ஞாபகத்துல இல்லண்ணே. காலைல பஸ்ஸு ஏறுனதுதான் தெரியுதாம். ஆரோ இந்த டிவிய போன்ல புடிச்சு ஊரு குரூப்புல போட்டுவிட்டாய்ங்க. அதப் பாத்துட்டு, நாந்தான் புத்திகெட்டுப்போயி கைய விட்டேன் போலன்னு சொவத்துல முட்டிக்கிறாரு. மிச்சக் கைய வச்சு அந்தக் கட்டு மேலயே அடிச்சுக்கிறாரு. அக்காவும் வையுது. ரெண்டு பேரும் செத்துருவாகண்ணே.”

பார்க்கிறேன் என்றேன். பார்க்கவில்லை.

இரண்டு நாள் கழித்து மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவன் டிரிம்மிங்கிலிருந்து ஒரு இரும்புக் கம்பியோடு கேன்டீனுக்குள் வந்தான். யாரோடும் பேசவில்லை. பெஞ்சு மேல் ஏறி, ஓடிக்கொண்டிருந்த டிவியில் அடித்தான். முதல் அடியில் கண்ணாடி நட்சத்திரமாக வெடித்தது, படம் மட்டும் பிடிவாதமாக ஓடியது. சிவப்பு வட்டம் நொறுங்கிய கண்ணாடிக்குள்ளே துடித்துக்கொண்டே இருந்தது. அடுத்தடுத்து அடித்தான். சாம்பார் வாளி உருண்டது, பெண்கள் எழுந்து ஓடினார்கள். நான் இரண்டு மேசை தள்ளிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். எச்சில் கையோடு பாய்ந்து அவன் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அவன் கீழே விழுந்தான். விழுந்தவனை எங்கள் மொழியில் அவன் தாயைச் சேர்த்துத் திட்டியபடி முகத்தில் உதைத்தேன். போலீஸில் கொடுத்த புகாரில் இதை நான் சொல்லவில்லை. முதல் அடி என்னுடையது.

அவன் எழுந்து கம்பியை வீசினான். புருவம் பிளந்து ஒரு கண் ரத்தத்தில் மூடிக்கொண்டது. அடுத்தது தோள்பட்டையில், எலும்பு முறியும் சத்தம் எனக்கே கேட்டது. மூன்றாவது வாயில். நான்கு பேர் சேர்ந்து அவனைப் பிடிப்பதற்குள் என் இரண்டு பல் தரையில், சோற்றுப் பருக்கைகளுக்கு நடுவில் கிடந்தன. அவன் அக்கா ஓடவில்லை, கத்தவும் இல்லை. தட்டைக் கையில் பிடித்தபடி தூணோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றே அவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள், ரிமாண்ட் ஆனது. எனக்கு நெற்றியில் ஏழு தையல், கையைக் கழுத்தோடு கட்டித் தொங்கவிட்டார்கள். விளாங்குடி வீட்டில் கஞ்சியை உறிஞ்சிக்கொண்டு படுத்திருந்தபோது எனக்கு ஒரே யோசனைதான். அவன் ஜாமீனில் வரக் கூடாது. அந்தக் குடும்பம் தன் தப்பை மறைக்கக் கம்பெனி மேல் பாய்கிறது என்று போலீஸுக்கு நிரூபித்துவிட வேண்டும். கேன்டீன் கேமரா பதிவில் நான் உதைத்ததை வெட்டிவிட்டு, அதையும் மில் பதிவையும் ஒன்றாகக் கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று நினைத்தேன். உன் மச்சானின் லட்சணத்தைப் பார் என்று அவன் முகத்துக்கு நேரே காட்டுகிற மாதிரி.

எட்டாம் நாளே தொழிற்சாலைக்குப் போனேன். ஒரு கண் வீங்கி மூடியிருக்க, ஒற்றைக் கையால் மௌஸை நகர்த்தி மில் பதிவை எடுத்தேன். வேகமாக ஓட்டினால் தலை சுற்றியது. அதனால் முதல் தடவையாக அதை அதன் வேகத்திலேயே பார்த்தேன்.

ரப்பர் உருளையில் சுருண்டு ஒட்டிக்கொள்கிறது. அவர் பக்கவாட்டில் இருக்கும் சிவப்பு பட்டனை நோக்கிக் கையை நீட்டுகிறார், மில்லை நிறுத்த. சூப்பர்வைசர் அந்தக் கையைத் தட்டிவிடுகிறார். இவர் ஏதோ சொல்கிறார், மறுபடியும் பட்டனுக்குப் போகிறார். சூப்பர்வைசர் இந்த முறை மணிக்கட்டைப் பிடித்து முறுக்கி இழுத்து, உருளையைக் காட்டுகிறார். ஓடும்போதே எடு என்கிற மாதிரி. பிறகு சூப்பர்வைசரே குனிந்து, கை போகாமல் இருப்பதற்காக உருளைக்கு முன்னால் வைத்திருக்கும் தடுப்புக் கம்பியைத் தூக்கி ஓரமாகச் சாய்த்து வைக்கிறார். கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். போகிறார்.

அதற்கு அடுத்த நொடியில் நான் வெட்டியிருந்தேன். அங்கேதான் என் படம் ஆரம்பிக்கிறது.

பார்த்தேனா என்று யாராவது கேட்டால் பார்த்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு ஆள் நிற்பது தெரிந்தது. கூட ஒரு ஆள் நின்றால் கண் சிதறும், அவ்வளவுதான் என் மனசில் ஓடியது. யாரையும் காப்பாற்ற நினைக்கவில்லை, யாரும் என்னிடம் வெட்டச் சொல்லவும் இல்லை. படம் நன்றாக இருக்க வேண்டும் என்று வெட்டினேன். அந்த நிமிஷத்தில் என்னை அடித்தவன் மேல் இருந்த ஆத்திரம் அப்படியே திரும்பி என் மேல் வந்து விழுந்தது. மேசையில் இருந்த கீபோர்டை எடுத்துச் சுவரில் அடித்தேன். தையலில் ரத்தம் கசிந்து கண்ணுக்குள் இறங்கியது.

மேனேஜரிடம் போய்க் காட்டினேன். முழுக்கப் பார்த்தார், தண்ணீர் குடித்தார். விசாரணை அறிக்கை முடிந்து அனுப்பியாகிவிட்டது, உடம்பைக் கவனித்துக்கொள், இன்னும் ஒரு வாரம் லீவு எடு என்றார். அவர் இதை முன்னாலேயே பார்த்திருக்கிறார் என்று அவர் தண்ணீர் குடித்த விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

மதியம் இரண்டு மணிக்கு ஷிப்டு மாறும். உள்ளே இருப்பவர்களும் வெளியிலிருந்து வருபவர்களும் ஒன்றாக இருக்கிற பத்து நிமிஷம் அது. உடைந்தது போக மீதி இருபத்தோரு டிவியிலும் முழுப் பதிவையும் போட்டேன். வட்டம் போடவில்லை, எழுத்து போடவில்லை, எந்த முகத்தையும் மறைக்கவில்லை. மூன்று நிமிஷம் யாரும் நின்று பார்க்க மாட்டார்கள் என்பது எவ்வளவு பெரிய பொய் என்று அன்றைக்குத் தெரிந்தது. எந்திரங்கள் ஒவ்வொன்றாக நிற்கும் சத்தம் மாடியில் என் அறை வரை கேட்டது. இரண்டாம் தடவை ஓடும்போது சூப்பர்வைசரை சைக்கிள் ஸ்டாண்டில் பிடித்துவிட்டார்கள். ஓய்வுபெறச் சில மாதங்களே இருந்த மனிதர். டிபன் கேரியரால் மண்டையில் அடித்தார்கள். விழுந்தவரின் வலது கையை ஒருவன் கல்லில் வைத்து மிதித்தான், திரும்பத் திரும்ப மிதித்தான். செக்யூரிட்டி வந்து எடுக்கும்போது அவருக்கு ஒரு காது தொங்கிக்கொண்டிருந்தது. ஜன்னலில் நின்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இறங்கிப் போய்த் தடுக்கவில்லை. சந்தோஷமாக இருந்தது.

அன்று சாயந்திரமே என் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு வெளியே அனுப்பினார்கள். கேட்டில் நின்ற தொழிலாளிகள் என்னைப் பார்த்து வழிவிட்டார்கள். ஒருவன் தோளில் கை போட வந்து, கட்டைப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டான். மாப்ள, நீ மனுசன்யா என்றான். நெற்றியில் தையலோடு பஸ்ஸில் வரும்போது அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். மறுநாள் ஸ்டேஷனுக்குப் போய், அந்தப் பையனை விட்டுவிடுங்கள், முதலில் நான்தான் உதைத்தேன் என்று எழுதிக் கொடுத்தேன். அவனுக்கு ஜாமீன் கிடைத்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தெரிந்த ஒருவரின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து அந்த ஊருக்குப் போனேன். ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கியிருந்தேன். வேலை போனது, பல் போனது, ஆனாலும் ஒரு மனிதருக்கு அவருடைய உண்மையைத் திருப்பிக் கொடுத்திருக்கிறோம் என்று நெஞ்சு நிறைந்திருந்தது. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுவார், நான் என்ன சொல்வது என்றுகூட வழியில் யோசித்து வைத்திருந்தேன்.

வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சட்டையின் வலது கையை மடித்து ஊக்கு குத்தியிருந்தார்கள். தம்பி ஸ்டேஷனில் கையெழுத்துப் போடப் போயிருந்தான். மனைவி எனக்கு ஒரு நாற்காலி போட்டார், சொம்பில் தண்ணீர் கொடுத்தார். முழுப் பதிவு அவர்களுக்கும் போனில் வந்துவிட்டது, ஊரே பார்த்துவிட்டது என்றார். கணவர் மட்டும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அண்ணே, மொதல்ல ஓடுச்சுல்ல, சின்ன வீடியோ. அத வெட்டுனது ஆரு?”

நான்தான் என்றேன்.

“வெட்டையில அந்தாளு நின்னது ஒங்களுக்குத் தெரிஞ்சுச்சா?”

பொய் சொல்லியிருக்கலாம். தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் நம்பியிருப்பார். தெரிந்தது என்றேன். ரெண்டு ஆள் இருந்தால் பார்க்கிறவர்களுக்குக் குழப்பமாக இருக்கும், அதனால் எடுத்துவிட்டேன் என்றேன். சொல்லும்போதே என் காதுக்கே அது எப்படிக் கேட்டது என்று சொல்ல முடியாது.

அவர் எழுந்து வந்து அடித்தார். பழக்கமில்லாத கை, குறி தவறிக் காதிலும் தையலிலும் விழுந்தது. மறுபடி அடித்தார். மூன்றாவது அடியில் நாற்காலியோடு கீழே விழுந்தேன். தோள் எலும்பு ஒட்டிக்கொண்டு வந்த இடத்தில் நெருப்பு வைத்த மாதிரி இருந்தது. அவர் மனைவி பார்த்துக்கொண்டிருந்தார், தடுக்கவில்லை.

“இம்புட்டு நாளும் என்னய நானே கொன்னுக்கிட்டுக் கெடந்தேண்ணே,” என்றார். “இவ மூஞ்சிய நான் பாக்கல. எம்பிள்ளைகிட்ட, அப்பனுக்கு அறிவில்லடான்னு நானே சொல்லிக்குடுத்தேன்.”

அவருக்கு மூச்சு வாங்கியது. திரும்பிப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். என்னைப் பார்க்காமல், சின்னக் குரலில் சொன்னார்.

“எடது கையால அடிச்சுப்புட்டேன். தப்பா எடுத்துக்கிறாதீங்க. அது ஒண்ணுதேன் இருக்கு.”

நான் எழுந்து நாற்காலியை நிமிர்த்தி, அதே இடத்தில் போட்டு உட்கார்ந்தேன். இன்னும் அடிப்பார் என்று காத்திருந்தேன். அவர் அடிக்கவில்லை.